வெயில் விழுந்த பக்கம்

"மேடம், இந்தப் பல் செட்டைக் கும்பிடணுமா, வேணாமா?"

அஜித் மெதுவாகத்தான் கேட்டான். உயரமான கூடத்தில் அது பட்டு எதிரொலித்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட்டின் மேல், மறைந்த ஓவியர் உமாபதியின் மேல்வரிசைப் பற்கள் கிடந்தன. பக்கத்தில் ஒரு சாமந்திப் பூ. வாடவில்லை, காலையில்தான் யாரோ வைத்திருக்கிறார்கள். அடுத்த பெட்டியில் அவர் கடைசியாகக் குடித்து மீதி வைத்த காபி, டம்ளரோடு. இரண்டு வருடத்தில் அதன்மேல் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை ரோமம்போல் வளர்ந்திருந்தது. அதற்கும் அடுத்ததில் பித்தளை எச்சில் படிக்கம். விளிம்பில் வெற்றிலைச் சாறு கருஞ்சிவப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. கீழே அச்சடித்த அட்டை: ‘மகா கலைஞர் கடைசியாக உமிழ்ந்த தாம்பூலம்.’

"துப்பினதையும் பொட்டியில போட்டு டிக்கெட் வெச்சிட்டானுங்க. நல்லவேளை, பாத்ரூமு பூட்டிக்கினு இருக்குது."

"சும்மா இருடா. ஏற்கெனவே வயித்தைப் புரட்டுது எனக்கு" என்றாள் துர்காதேவி.

"எனக்கும்தான். காலையில தின்ன கோயில் இட்லி தொண்டை வரைக்கும் வந்து நின்னுக்கினு, ‘எறங்கட்டுமா, ஏறட்டுமா’ன்னு கேக்குது."

துர்காதேவிக்கு ஐம்பது வயது. காஞ்சிபுரத்தில் இதே பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவள். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரி சொல்லச் சொன்ன பொய்ச் சாட்சியைச் சொல்ல மறுத்து, தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தவள். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ் மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். அஜித் தென்னேரிக்காரன். ஆபீஸுக்கு அவன்தான் டிரைவர், அவன்தான் போட்டோகிராபர். அவன் கணக்குப்படி மூளையும் அவன்தான்.

அவர்களுக்குப் பின்னால் மாஸ்க்கும் தலையை மூடிய துப்பட்டாவுமாக நின்றிருந்தாள் சத்யப்ரியா. வழக்கே அவளுடையது. மாகறல் ஊர்ப் பெண். வாலாஜாபாத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய அம்மா பொன்னி இந்த வீட்டில் பல வருடங்கள் சமையல் வேலை பார்த்தவள். இரண்டு வருடத்துக்கு முன்பு உமாபதி இறந்தபோது, காரியம் முடியும்வரை இங்கேயே தங்கி வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டாள். துக்கத்துக்கு வந்த சத்யப்ரியா அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அப்போது பொன்னி நன்றாக, தெம்பாக இருந்தாள். அதற்கு மறுவாரம் ஆளைக் காணோம்.

இரண்டு வெள்ளிக் குத்துவிளக்குகளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள் என்று உமாபதியின் மனைவி கமலவேணி போலீஸில் புகார் கொடுத்தாள். தெரு நம்பியது. மாகறலும் நம்பியது. சத்யப்ரியாவுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. அம்மாவைத் தேடித் தரச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போனவளை, திருடியின் மகள் என்று மாலைவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

போன வாரம் ஒரு பட்டுக்கடை காலண்டரில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள் அவள். உமாபதியின் ‘உறங்கும் அம்மன்’ ஓவிய வரிசையில் ஒன்று என்று கீழே போட்டிருந்தது.

"அந்தப் படத்துல என்னமோ தப்பா இருக்குது மேடம். பெருசா, நேர்ல பாத்தா சொல்லிடுவேன்" என்று துர்காதேவியின் ஆபீஸில் வந்து உட்கார்ந்தாள். அதனால்தான் இன்று காலை மூன்று பேரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு, உமாபதி நினைவில்லத்தில் பல் செட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வருக, வருக!"

டிக்கெட் கிழித்துக் கொடுத்த ஆளே இப்போது பட்டு ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டு வழிகாட்டியாக வந்தான். ஜெயக்குமார். உமாபதியின் தம்பி மகன். ஒரு கையில் வாசனை ஸ்ப்ரே டப்பா. நடக்கும் இடமெல்லாம் மல்லிகை வாசனையைப் பீய்ச்சிக்கொண்டே போனான்.

"மகா கலைஞர் விட்டுச் சென்ற நிலையிலேயே இந்த இல்லம் பாதுகாக்கப்படுகிறது. ஒரு தூசியைக்கூட நாங்கள் தொடவில்லை."

"அது நல்லா தெரியுது சார்" என்றான் அஜித். "ஆனா இன்னா ஒரு வாடை? மல்லியப்பூவுக்குள்ள யாரோ செத்த மாதிரி."

ஜெயக்குமாரின் மேடைத் தமிழ் சட்டென்று இறங்கியது. "பின்னாடி எலித் தொல்லை சார். பழைய வீடு பாருங்க." இன்னொரு முறை பீய்ச்சினான்.

துர்காதேவி மூச்சை அளந்து இழுத்தாள். மல்லிகை, அதற்கடியில் சாம்பிராணி, அதற்கும் அடியில் புளித்த, ஈரமான ஏதோ ஒன்று. எலி இல்லை. அவளுக்கு அது எங்கேயோ தெரிந்த நாற்றமாக இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

கலைக்கூடம் தெருவைப் பார்த்த பெரிய அறை. ஆணியில் உமாபதியின் பனியன் தொங்கியது. அக்குளில் மஞ்சள் கறை. ‘உழைப்பின் வியர்வை’ என்றது அட்டை. ஒரு சின்னக் குப்பியில் வெட்டிய நகங்கள். அஜித் அதைப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து, எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டான். அவன் பேசாமல் இருப்பது அபூர்வம்.

ஜன்னல் பக்கச் சுவரில் உமாபதியின் பழைய கரிக்கோட்டுப் படங்கள்: தேர்கள், மாடுகள். கூடவே, அவர் வரைந்துகொண்டிருக்கும் ஒரு புகைப்படம். எதிர்ச் சுவர் முழுவதும், அதே கரிக்கோட்டில், ‘உறங்கும் அம்மன்’. எல்லாப் படத்திலும் ஒரே பெண், பட்டுச் சேலையும் நகையும் பூவுமாக, கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"இறுதிக் காலத்தின் உச்சம்!" ஜெயக்குமார் குரலைத் தாழ்த்தினான். "ஐயா இதை யாருக்கும் காட்டாமல் பரணில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக இப்போதுதான் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த உதட்டைக் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் மலரும் புன்னகை. டெல்லியிலிருந்து வந்த விமர்சகர் இதன் முன்னால் நின்று கண்ணீர் விட்டார். ‘பாதி உலகுக்கு அருள், பாதி உலகுக்கு மௌனம்’ என்று எழுதினார்."

துர்காதேவியின் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். சத்யப்ரியாவின் விரல்கள் சில்லிட்டிருந்தன.

துர்காதேவி அஜித்தைப் பார்த்தாள். அவன் புரிந்துகொண்டான்.

"சார், அந்த நகம் இருக்குதே," என்று ஜெயக்குமாரின் தோளில் கைபோட்டு மூலைக்கு நகர்த்தினான், "அது கை நகமா, கால் நகமா? தனித்தனியா பேர் எழுதி வெச்சிருக்க வேணாமா? நாளைக்கு ஆராய்ச்சிக்கு வர்றவன் கொழம்பிடுவான் இல்ல?"

"சொல்லும்மா" என்றாள் துர்காதேவி.

"அது சிரிப்பு இல்ல மேடம்." சத்யப்ரியா மாஸ்க்கை இறக்கியிருந்தாள். "ஸ்ட்ரோக்கு. வாய் ஒரு பக்கமா கோணிக்கினு இருக்குது பாருங்க. இன்னொரு பக்கக் கன்னம் தொங்கிப்போச்சு. வார்டுல தெனம் பாக்குற மூஞ்சி. எங்கம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்திருக்குது, அதைப் போய் இவங்க..."

"மெதுவா. உமாபதி செத்தப்ப அம்மா எப்படி இருந்தாங்க?"

"அண்டா அண்டாவா சோறு வடிச்சாங்க மேடம். என்னை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்து ஏத்திவிட்டாங்க."

"அப்ப இந்தப் படம் எதுவும் உமாபதி போட்டது இல்ல. அவர் எரிஞ்சப்புறம் வேற யாரோ போட்டது." துர்காதேவி கடைசிப் படத்தைக் காட்டினாள். "இந்தக் கை?"

கடைசிப் படத்தில் அம்மனின் வலது கை மார்போடு ஒட்டியிருந்தது. மணிக்கட்டு கீழ்நோக்கி வளைந்து, விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. கீழே அட்டை: ‘எந்த நூலிலும் இல்லாத புதிய முத்திரை.’

சத்யப்ரியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"முதல் படத்துல கை தொவண்டு கிடக்குது. இதுல இறுகிப் போயிருக்குது. மருந்து, எக்சர்சைஸ் ஒண்ணும் குடுக்காம போட்டு வெச்சாத்தான் இப்பிடி மடங்கும். அதுக்கு மாசக்கணக்கு ஆவும் மேடம்." சட்டென்று திரும்பினாள். "மாசக்கணக்கு! அப்பிடின்னா எங்கம்மா அவ்ளோ நாள் உயிரோட இருந்திருக்காங்க!"

"இந்தப் படம் எப்ப கிடைச்சுது தம்பி?" என்று துர்காதேவி உரக்கக் கேட்டாள்.

"போன மாசம்தான் மேடம்" என்றான் ஜெயக்குமார் மூலையிலிருந்து. அஜித்தின் கையை ஒருவழியாக உதறிவிட்டு வந்தான். "சேலையைக் கவனித்தீர்களா? நாலு இதழ் புட்டா. நெசவாளர் குடும்பத்து ரத்தம் அல்லவா! ஒவ்வொரு பூவையும் தறியில் நெய்வதுபோல் போட்டிருக்கிறார்."

துர்காதேவி மூக்கு படத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள். அவளுடைய அப்பா புட்டாச் சேலை நெய்தவர். மடிப்பு விழுந்தால் சேலையில் உள்ள பூவும் மடியும். பாதி இதழ் உள்ளே மறையும். இந்தப் பூக்கள் எதுவும் மடியவில்லை. சேலையிலிருந்து இறங்கி, கட்டில் சட்டத்தில் ஏறி, அங்கிருந்து தரையிலும் வரிசையாக விழுந்திருந்தன.

"அஜித், ஒரு சேலையோட புட்டா தரையில கொட்டுமா?"

"சாயம் போனாத்தான் மேடம்."

"அப்ப இது புட்டா இல்ல. வெயிலு. நாலு இதழ் ஓட்டை போட்ட ஏதோ ஒரு ஜன்னல் வழியா விழுந்த வெயிலு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கலைக்கூடத்து ஜன்னலைப் பார்த்தார்கள். நேரான இரும்புக் கம்பிகள். ஜெயக்குமார் அவர்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் தானும் பார்த்தான்.

"வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிங்கம்மா."

உள்கட்டிலிருந்து வந்த அம்மாளின் நெற்றி நிறைய விபூதி. வெள்ளைச் சேலை, மெல்லிய குரல், இடுப்பில் சாவிக்கொத்து. கமலவேணி. அவளைக் கண்டதும் சத்யப்ரியா மாஸ்க்கை ஏற்றிக்கொண்டாள். கமலவேணி தட்டை மேஜையில் வைத்துவிட்டு ஒரு டம்ளரை அஜித்திடம் நீட்டினாள். அவன் வாங்கக் கை நீட்டி ஒரு நொடி தயங்கினான்.

"இடது கையால குடுக்கிறேன்னு நெனைக்காத தம்பி. சின்ன வயசுப் பழக்கம், அடிச்சும் போகல" என்று சிரித்தாள்.

அப்போது சத்தம் கேட்டது.

டொக். டொக் டொக். டொக்.

வீட்டின் பின்பக்கத்திலிருந்து வந்தது. சத்யப்ரியா சரேலென்று திரும்பினாள். கமலவேணி டம்ளரை வைக்க இடம் தேடினாள்.

"அது பக்கத்து வீட்டுத் தறி" என்றான் ஜெயக்குமார். "யார் வந்து பேசினாலும் சரியாக அப்போது ஆரம்பிக்கும். ஐயாவின் கலைக்குத் தறியின் தாளமே..."

"ஜெயக்குமாரு, இன்னிக்கு என்ன நாளு?"

"சனிக்கிழமை மேடம்."

"அமாவாசைப்பா." துர்காதேவி மோரைத் தொடவில்லை. "அமாவாசை அன்னிக்கு எவனாச்சும் தறியில உக்காருவானா? வரும்போது தெருவுல ஒரு சத்தம் இல்ல. இந்த ஒரு தறி மட்டும் எப்படி ஓடுது?"

டொக் டொக் டொக் என்று சத்தம் மட்டும் வந்தது.

துர்காதேவி நடக்க ஆரம்பித்தாள். சமையலறையைத் தாண்டினால் முற்றம்; முற்றத்தின் கோடியில் ஓடு வேய்ந்த பழைய தறிக்கூடம். உமாபதியின் அப்பா காலத்தில் நெய்த இடம். முற்றத்துப் பக்கச் சுவரில் ஜன்னலுக்குப் பதிலாக சிமென்ட் ஜாலி வைத்திருந்தார்கள். ஒவ்வோர் ஓட்டையும் நாலு இதழ்ப் பூ. முகத்துக்கு எட்டாத உயரம். உள்பக்கம் கனத்த திரை. கதவில் பூட்டு.

இங்கே மல்லிகை ஸ்ப்ரே எட்டவில்லை. அந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. அஜித் கர்ச்சீப்பை எடுத்தான்.

"படுக்கைப் புண்ணு" என்றாள் சத்யப்ரியா. "அதுக்கு மேல டெட்டால் ஊத்தியிருக்காங்க."

துர்காதேவிக்கு இப்போது நினைவு வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தாவில், கேட்பாரற்றவர்களைப் போட்டிருக்கும் மூலை.

"அங்க போகாதீங்கம்மா!" கமலவேணி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "பழைய சாமான் கிடக்குது. உள்ள பாம்பு இருக்குது."

"பாம்புக்கு எதுக்கும்மா பூட்டு? தொறந்துக்கினு டிக்கெட் கேக்குமா?" என்றான் அஜித். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

சத்யப்ரியா கதவில் இரண்டு கைகளையும் ஊன்றினாள்.

"அம்மா! எம்மா! நான்தாம்மா, சத்யா!"

சத்தம் நின்றது. பிறகு உள்ளேயிருந்து, தரையில் உலோகத்தை வெறிபிடித்ததுபோல் அடிக்கும் ஓசை. அதோடு சேர்ந்து சொல்லாக உருவாகாத ஒரு குரல்.

"சாவியைக் குடுங்க" என்றாள் துர்காதேவி.

கமலவேணி சாவிக்கொத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "இது என் வீடு. டிக்கெட் வாங்கினவங்க முன்பக்கம் பாத்துட்டுப் போங்க."

துர்காதேவி அஜித்துக்குப் பூட்டைக் காட்டினாள். அஜித் சமையலறைக்குள் பாய்ந்தான். ‘மகா கலைஞருக்குச் சட்னி அரைத்த அம்மி’ என்று அட்டை தொங்கிய கல்லிலிருந்து குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஜெயக்குமார் "ஐயோ, அது காட்சிப் பொருள் சார்!" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. பூட்டோடு கொண்டியும் பிய்ந்து விழுந்தது.

கதவு திறந்ததும் சத்யப்ரியா உள்ளே ஓடி, திரையைப் பிடித்து இழுத்தாள். நாலு இதழ்ப் பூக்களாக வெயில் கட்டில்மேல் கொட்டியது.

பொன்னி அம்மனாகக் கிடந்தாள்.

அரக்கு நிறப் பட்டு, கழுத்தில் கல் வைத்த கவரிங் நகை, நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் நேற்றைய பூ. கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளிக் குத்துவிளக்குகள் நின்றன. பட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு. அதிலிருந்து மூத்திரம் சொட்டித் தரையில் ஓடிக் காய்ந்து, மறுபடி ஓடியிருந்தது. சத்யப்ரியா அம்மாவை ஒருக்களித்துத் திருப்பினாள். முதுகுப் பக்கம் சேலையே இல்லை. முன்பக்கத்துக்கு மட்டும் சுற்றிச் செருகியிருந்தார்கள். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்; அதில் ஈ.

பொன்னியின் இடது கையில் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். மகளைப் பார்த்த பிறகும் அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. சத்யப்ரியா அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்ட பிறகுதான் டம்ளர் விழுந்தது.

கட்டிலின் எதிரே சட்டத்தில் பாதி வரைந்த புதிய படம். வாசலில் நின்ற ஜெயக்குமார் உள்ளே பார்த்தான். பட்டு ஜிப்பாவோடு முற்றத்து ஓரத்தில் குந்தி வாந்தி எடுத்தான். அஜித் அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"இன்னாடா நடிக்கிற? பரண்ல கெடைச்சுதா? இந்தப் பரண்லயா? உக்காந்து வரைஞ்சுட்டு, முன்னாடி போய் ஸ்ப்ரே அடிச்சியா நீ?"

"சத்தியமா நான் இல்ல சார்! எனக்குக் கோடு போடக்கூடத் தெரியாது!"

"அவனை விடுடா" என்றாள் துர்காதேவி. அவள் புதிய படத்தின் முன்னால் நின்றிருந்தாள். "நானும் அவன்தான்னு நெனச்சேன். இல்ல. முன்னாடி உமாபதியோட பழைய படங்களைப் பாத்தல்ல? நிழலுக்குப் போட்ட கோடெல்லாம் வலது மேல்பக்கத்துலேர்ந்து இடது கீழ்ப்பக்கம் சாயும். வலது கைக்காரங்களுக்கு அப்படித்தான் வரும். போட்டோவுலயும் அவருக்கு வலது கை. இவன் டிக்கெட் கிழிச்சதும் வலது கை. அம்மன் படத்துல எல்லாக் கோடும் எதிர்ப்பக்கம் சாயுது. இதுலயும் அப்படித்தான்."

அவள் திரும்பினாள்.

"இடது கையைக் காட்டுங்கம்மா."

கமலவேணி கையை மறைக்கவில்லை. விரல் நுனிகளில், நகக்கண்ணில், கழுவியும் போகாத கரி. முகத்தில் பயம் இருக்கும் என்று துர்காதேவி எதிர்பார்த்தாள். அங்கே இருந்தது எரிச்சல், வேலையில் இருக்கும்போது யாரோ வந்து கெடுத்துவிட்டதுபோல்.

"அந்த மனுஷன் கை நடுங்க ஆரம்பிச்சதுலேர்ந்து நான்தான் எல்லாம் போட்டேன்" என்றாள். "என் பேர்ல போட்டா எவன் வாங்குவான்? அவர் கையெழுத்தும் எனக்கு அத்துப்படி."

"அதை ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். அதுக்குப் பொன்னி என்ன பண்ணினாங்க?"

"இவளை நான் ஒண்ணும் பண்ணல. தானா விழுந்தா. சமையல்கட்டுல, என் கண்ணு முன்னாடி. நான்தான் தாங்கினேன். ரெண்டு வருஷமா வேளாவேளைக்குக் கஞ்சி ஊத்தறேன். ஆஸ்பத்திரியில போட்டிருந்தா எவன் பாத்திருப்பான்?"

"நான் பாத்திருப்பேன்!" சத்யப்ரியா கட்டிலை விட்டு எழவில்லை. "நான் நர்ஸு! ஒரு போன் பண்ணியிருந்தா மருந்து போட்டிருக்கலாம், பேச்சு வந்திருக்கும், நடந்திருப்பாங்க! ஏன் கூப்பிடல? அன்னிக்கு ஏன் கூப்பிடல நீங்க?"

கமலவேணி பொன்னியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ இளகியது; குரல் ஏறக்குறைய கனிவாகவே வந்தது.

"கூப்பிடத்தான் போனேன். போனைக் கையில எடுத்துட்டேன். திரும்பிப் பாத்தா, அந்த வாய்... ஒரு பக்கமா சிரிச்சுக்கிட்டு... என் ஆயுசுல அப்படி ஒரு முகத்தை நான் பாத்ததில்ல. டாக்டர் வந்தா அதைச் சரி பண்ணிடுவாருன்னு தோணிச்சு."

துர்காதேவி இருபது வருடப் போலீஸ் வேலையில் குத்தும் வெட்டும் பார்த்தவள். அவளுக்கும் வாயில் உமிழ்நீர் கசப்பாக ஊறியது. துப்ப இடமில்லாமல் விழுங்கினாள்.

"பெரிம்மா, எலின்னு சொன்னீங்களே..." என்று முனகினான் ஜெயக்குமார்.

"நீ போய்ப் பாத்தியா?" என்று துர்காதேவி அவன் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வருஷம். தெனமும் இந்த நாத்தம். தெனமும் இந்தச் சத்தம். ஒரு நாளாவது இந்த முற்றத்துக்கு வந்தியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அஜித் அவன் ஜிப்பாவை விட்டுவிட்டு, தொட்ட கையைச் சுவரில் துடைத்துக்கொண்டான்.

துர்காதேவி ஆம்புலன்ஸுக்கும் ஸ்டேஷனுக்கும் பேசினாள். "குத்துவிளக்கு ரெண்டும் கிடைச்சிடுச்சு" என்று ஸ்டேஷனில் போன் எடுத்தவரிடம் சொன்னாள். "திருடு போச்சுன்னு புகார் குடுத்தவங்க வீட்டுலயே இருக்குது. வந்து எடுத்துட்டுப் போங்க." அஜித்தின் போனை வாங்கி, கட்டிலையும் விளக்குகளையும் பாதி வரைந்த படத்தையும் தானே படம் எடுத்தாள். கமலவேணி தறிக்கூடத்துப் படியில் உட்கார்ந்து, நகக்கண்ணிலிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இடுப்புச் சாவிக்கொத்தைத் துர்காதேவி எடுத்தபோது தடுக்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் வந்தது. தூக்கப் போனபோது பொன்னி முரண்டினாள். இடது கையால் பட்டுச் சேலையைப் பிடித்து இழுத்தாள். பலம் போதவில்லை. மறுபடி இழுத்தாள். தொண்டையிலிருந்து உறுமல் வந்தது.

"என்னம்மா? வலிக்குதா?"

பொன்னி இல்லையென்று தலையை ஆட்டினாள். மீண்டும் சேலையைப் பிடித்தாள். சத்யப்ரியாவுக்குப் புரிந்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க."

அஜித் முற்றத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தன் சட்டையைக் கழற்றிப் பின்னால் நீட்டினான். "சுத்தமானதுதான் தங்கச்சி. இன்னிக்குத்தான் தொவைச்சுப் போட்டேன்."

மகள் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நகை, பூ, பட்டு. ஆம்புலன்ஸ்காரர் கொடுத்த ஈரப் பஞ்சால் குங்குமத்தைத் துடைத்தாள். சட்டையைப் போட்டுவிட்டு, துப்பட்டாவால் உடம்பை மூடினாள். அம்மனின் அலங்காரம் முழுக்க தரையில், மூத்திரத்தில் கிடந்தது.

"பின்பக்க சந்து வழியா போயிடலாமா மேடம்?" என்றான் அஜித். "தெருவுல கூட்டம் சேந்துடுச்சு."

சத்யப்ரியா அம்மாவைக் கேட்டாள். "மூஞ்சை மூடட்டுமாம்மா?"

பொன்னி வேண்டாமென்று தலையை அசைத்தாள். இடது கையைத் தூக்கி, கூடத்தைத் தாண்டி, வாசலைக் காட்டினாள்.

முன்வாசல் வழியாகவே தூக்கிப் போனார்கள். அப்போதுதான் காரில் வந்து இறங்கிய ஒரு வெளியூர்க் குடும்பம் வாசலில் நின்றது. "ஏய், இது அந்த அம்மன் பெயின்டிங்ல இருக்கிற முகம்!" என்று ஒருவர் போனை உயர்த்தினார். துர்காதேவி அவர் கையை மணிக்கட்டோடு பிடித்துக் கீழே இறக்கினாள்.

அமாவாசை ஆனதால் தெருவில் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். வாசலுக்கு வாசல் ஆட்கள். எதிர்வீட்டுத் துளசி, ஒரு காலத்தில் பொன்னியோடு குழாயடியில் தண்ணீர் பிடித்தவள், ஸ்ட்ரெச்சருக்கு அருகில் வந்து குனிந்தாள். கையால் வாயைப் பொத்தினாள்.

"பொன்னியா? அடிப் பாவி... நீ வெளக்கை எடுத்துக்கினு ஓடிட்டேன்னு சொன்னாங்களேடி!"

சத்யப்ரியா நின்றாள். ஸ்ட்ரெச்சரும் நின்றது. தெருக்கோடிவரை கேட்கும்படி அவள் சொன்னாள்:

"எங்கம்மா எங்கயும் ஓடல. இந்த வீட்டுலதான் இருந்தாங்க. உங்க எல்லாரையும் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கினுதான் இருந்தாங்க."